குருதிக் கொழுப்பை மனிதன் அறிந்த வரலாறு

நோய் இன்னதென்று தெளிதல், அதன் காரணம் அறிதல், தணிக்கும் வழி காணல் என மருத்துவத்திற்கு மூன்று படிகளை வகுத்தார் வள்ளுவர். கொலஸ்ட்ரால் என்னும் கொழுப்புப் பொருளைப் பொறுத்தவரை, இம்மூன்று படிகளையும் ஏறி முடிக்க மனித குலத்திற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாயிற்று. வலியோ காய்ச்சலோ தந்து தன் வரவை உணர்த்தாத கேடாதலின், அதனை அறிதல் அரிதாயிற்று.

1769ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு மருத்துவர் புல்லத்தியே தெ லா சால் பித்தக்கற்களில் இப்பொருளைக் கண்டார். 1815இல் செவ்ரோல் அதற்குக் கொலஸ்டெரின் என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் 'கொலே' என்பது பித்தம்; 'ஸ்டெரியோஸ்' என்பது திண்மை. நெடுங்காலம் அது பித்தக்கல்லின் பொருளாகவே கருதப்பட்டது. 1910இல் செருமானிய வேதியியலார் விண்டவுஸ், தடித்துப்போன பெருந்தமனிச் சுவரில் அப்பொருள் பன்மடங்கு மிகுந்திருப்பதைக் காட்டிய பின்னரே இதய நோயோடு அதற்குள்ள உறவு புலப்படத் தொடங்கியது.

1913இல் உருசியாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் அனிச்கோவ் என்னும் இளம் அறிஞர், தூய கொலஸ்ட்ராலை எண்ணெயில் கரைத்து முயல்களுக்கு ஊட்டினார். அவற்றின் தமனிகளில் மனிதருக்கு நேர்வது போன்ற படிவுகள் தோன்றின. ஆயினும் எலிகளையும் நாய்களையும் கொண்டு ஆராய்ந்த பிறர் அத்தகைய விளைவைக் காணவில்லை. அவ்விலங்குகள் மிகுதியான கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றி எளிதில் வெளியேற்றிவிடும். இவ்வுண்மை விளங்காமையால், அரியதொரு கண்டுபிடிப்பு பல்லாண்டுகள் ஐயத்திற்குள்ளாகிக் கிடந்தது.

ஐயத்தை அகற்ற மனிதரையே நெடுநாள் கவனிக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் பிரேமிங்காம் என்னும் சிற்றூரில் 1948இல் 5,209 ஆண்களும் பெண்களும் ஆய்வுக்கு இசைந்தனர். குருதியில் கொலஸ்ட்ரால் மிகுந்தோரை இதய நோய் மிகுதியாகத் தாக்குகிறது என்று 1961இல் அவ்வாய்வு அறிவித்தது. நோய் வருமுன்பே அதன் வழியைக் காணலாம் என்னும் நம்பிக்கை அன்று பிறந்தது.

காரணத்தின் ஆழத்தைக் கண்டோர் டல்லாஸ் நகரின் பிரௌனும் கோல்ட்ஸ்டைனும் ஆவர். இளம் பருவத்திலேயே மாரடைப்புக்கு ஆளாகும் பிள்ளைகளைக் கொண்ட குடும்பங்களை அவர்கள் ஆராய்ந்தனர். குருதியில் மிதக்கும் கொழுப்புத் துகளைப் பற்றி உள்ளிழுக்கும் ஏற்பிகள் அப்பிள்ளைகளின் உயிரணுக்களில் பழுதுற்றிருந்தன. கேடு உணவினால் மட்டுமன்று, குடிவழியாகவும் வரும் என்பது தெளிவாயிற்று. 1985இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

தணிக்கும் வழியைத் தேடியவர் சப்பானிய உழவர் குடியில் பிறந்த அகிரா எண்டோ. ஏறத்தாழ 6,000 நுண்ணுயிர் வகைகளை அவர் சோதித்தார். 1973இல், கியோத்தோ நகரத் தானியக் கடையொன்றின் அரிசியில் வளர்ந்த நீலப் பச்சைப் பூசணத்தில், உடல் கொலஸ்ட்ரால் உண்டாக்குவதைத் தடுக்கும் பொருள் கிடைத்தது. மீண்டும் எலியே தடையாயிற்று. எலிகளின் குருதியில் அம்மருந்து பயன் காட்டவில்லை. மனந்தளராத எண்டோ முட்டையிடும் கோழிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார், பயன் தெரிந்தது. அவ்வினத்தைச் சேர்ந்த முதல் மருந்து 1987இல் அமெரிக்காவில் விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது. 1994இல் வெளிவந்த ஸ்காண்டிநேவிய ஆய்வு, 4,444 இதய நோயாளரைக் கவனித்து, அம்மருந்தினம் உயிர் காப்பதை ஐயமற நிறுவியது.

கொலஸ்ட்ரால் நஞ்சன்று. உயிரணுச் சவ்வுக்கும் சுரப்புநீர்களுக்கும் அது இன்றியமையாதது, மிகுதியே தீங்கு. கண்ணிமையில் மஞ்சள் படிவு, குதிகால் தசைநாணில் தடிப்பு, இளம் வயதில் கருவிழியைச் சுற்றிய வெண்சாம்பல் வளையம் ஆகியவை சிலரிடம் அடையாளமாகும். பலரிடம் எவ்வடையாளமும் இராது. குருதிச் சோதனை ஒன்றே சான்று கூறும். 2019ஆம் ஆண்டு மலேசியத் தேசிய உடல்நல ஆய்வு, வயது வந்தோருள் 38.1 விழுக்காட்டினரிடம் கொலஸ்ட்ரால் மிகுந்திருப்பதைக் கண்டது. அவர்களுள் பெரும்பாலோர் அதனை அதுவரை அறியாதவர்கள். இரு நூற்றாண்டு உழைப்பு ஈட்டித் தந்த அறிவு, ஒரு துளிக் குருதியைச் சோதிக்கத் தயங்கும் மனத்தால் வீணாதல் தகுமோ?