ஓரியன்டீரிங்

வரைபடத்தையும் திசைகாட்டியையும் மட்டும் நம்பி, பழகாத காட்டிலோ வெளியிலோ குறித்த இடங்களை வரிசையாகத் தொட்டு முடிக்கும் ஓட்டப் பந்தயம். பாதை போட்டுத் தருவதில்லை; இரண்டு குறிகளுக்கு நடுவே எப்படிப் போவது என்பது ஓடுபவர் பாடு.

ஸ்காண்டிநேவியப் படைகளின் பயிற்சியாக இருந்தது, 1897 அக்டோபர் 31 அன்று ஆஸ்லோ அருகே பொதுப் போட்டியாயிற்று. ஓடியவர்கள் எட்டே பேர். தடகளத்தில் இளைஞர்களின் ஆர்வம் குறைவதைக் கண்ட சாரணத் தலைவர் எர்ன்ஸ்ட் கில்லாண்டர், 1919-இல் ஸ்டாக்ஹோம் அருகே நடத்திய போட்டிக்கு 217 பேர் வந்தனர். 1961-இல் சர்வதேசக் கூட்டமைப்பு உருவானது. 1966-இல் பின்லாந்தில் முதல் உலகப் போட்டி.

இந்தப் பந்தயத்துக்கு அடிப்படையான வரைபடக் கலைக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையே இங்கிருந்துதான் புறப்பட்டது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகிலிருந்து தெற்கே ஏழரை மைல் அடிக்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். கோணங்களை அளக்க அவர் வைத்திருந்த அரை டன் தியோடலைட் 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது அடிபட்டு, பழுதுபார்க்கப்பட்டு, மறுபடி வேலைக்கு வந்தது. சென்னையில் 1794-இல் தொடங்கிய அளவைப் பள்ளிதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரி.

ஆனால் விரிவான வரைபடங்கள் நெடுங்காலம் அரசின் பூட்டுக்குள் இருந்தன. 2005-இன் தேசிய வரைபடக் கொள்கைதான் பொதுமக்களுக்கென்று தனி வரிசையைக் கொண்டுவந்தது. 2021-இல் கட்டுப்பாடுகள் பெருமளவு தளர்ந்தன. பந்தயத்துக்கோ 1:15,000 அளவில், பாறையும் பள்ளமும் தெரியும்படி வரைந்த தாள் வேண்டும். இக்கலை இங்கே என்சிசி முகாம்களிலும், பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாதெமியிலும் வரைபட வாசிப்பாகவே தங்கிப்போனதற்கு அந்தப் பூட்டுக்கும் பங்குண்டு.

இங்கே ஓடிப் பார்க்க ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். லாம்டனின் அடிக்கோட்டுக்கு மேற்கே, பரங்கிமலையிலிருந்து 20 கி.மீ.க்குள் இருக்கிறது மணிமங்கலம். தட்டையான நிலம், உயரக்கோடுகளால் அதிகப் பயனில்லை. ஏரிக்கரை, மதகு, வாய்க்கால் ஆகியவையே வழிகாட்டும். ஒரகடம் பக்கம் போகப்போகத் தொழிற்சாலைச் சுற்றுச்சுவர்கள் குறுக்கே வரும். பழைய தாளில் வயலாக இருப்பது நேரில் இரும்புக் கொட்டகையாக நிற்கும். இரும்புக்குப் பக்கத்தில் நின்று திசை பார்த்தால் ஊசி பொய் சொல்லும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வட ஐரோப்பாவுக்கென்று செய்யும் திசைகாட்டியில் ஊசியின் தென்முனையில் சிறு எடை சேர்த்திருப்பார்கள். அங்கே வடமுனை கீழே இழுபடும். காந்த நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள தமிழ்நாட்டில் அதே ஊசி தெற்குப் பக்கம் சாய்ந்து, அடித்தட்டில் உரசும். வாங்கும்போதே இந்த மண்டலத்துக்குச் சமன்செய்த ஊசியா என்று கேட்டு வாங்க வேண்டும்.