முத்துப் பாரும் நுண்ணுயிர்ப் படலமும்

மன்னார்த் தீவுக்குத் தெற்கேயுள்ள அரிப்பு, சிலாபத்துறை, மரிச்சுக்கட்டி என்னுங் கரையூர்களை முத்துக்குளிப்பின் வரலாறு கற்றோர் மறவார். ஆங்குச் சிப்பிகளைக் குவித்து, நாட்கணக்காக அழுகவிட்டு, பின்னர்க் கழுவி முத்தெடுப்பதே பழைய வழக்கம். அந்நாற்றத்தைக் குறித்து எழுதாத பயணியர் அரியர்; புழுக்களோடு கூடிச் சதையைக் கரைத்த பற்றீரியாக்களைப் பற்றி எழுதினோரைத் தேடித்தான் காணவேண்டும்.

1902 இல் லிவர்ப்பூல் பேராசிரியர் ஹேர்ட்மன் இப்பார்களை ஆராய வந்தார். ஹோர்னெல் அவருக்குத் துணைநின்றார். 1903 முதல் 1906 வரை அவரது அறிக்கை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. பெரிய பாரிலே குஞ்சுகள் மீண்டும் மீண்டும் படிந்தும், தென்மேற்குப் பருவக்காற்றின் அலைக்கு ஆற்றாது அழிந்தமையை அவர் கண்டார். குஞ்சுகளை வேறு பாருக்கு மாற்றுதல், அவை பற்றுதற்குக் கல் முதலிய வன்பொருள்களைக் கடலடியில் இடுதல் என்பன அவர் கூறிய வழிகள். 1905 இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. 1906 இல் பார்களை இருபதாண்டுக் குத்தகைக்கு எடுத்த கம்பெனியோ, 1907 இற்குப் பின் சிப்பி அருகிப்போக, நிலைக்கவில்லை.

கடலில் இட்ட கல்லின்மீது முதலிற் குடியேறுவது சிப்பியன்று, பற்றீரியாக்களே. அவை தாமே சுரக்கும் பசையிற் புதைந்து படலமாகின்றன. அவற்றிற் பல, சிறு மூலக்கூறுகளை வெளிவிட்டுத் தம் தொகையை அறிந்து, போதிய அளவு திரண்டபின்னரே ஒருங்கு செயற்படுகின்றன. கடலில் ஒளிரும் பற்றீரியாக்களிடத்து இதனை 1970 இல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் ஆகியோர் வெளிப்படுத்தினர். 2000 இல் சிங்கப்பூர் ஆய்வாளர், அத்தகைய மூலக்கூறு ஒன்றன் வளையத்தை வெட்டும் நொதியத்தை ஒரு பசிலசுப் பற்றீரியாவிற் கண்டனர். அதன் பரம்பரையலகைப் பயிரழுகல் நோய்க் கிருமியுள் நுழைத்தபோது, கிருமி சாகாது வலி குன்றியது. கொல்லாது குழப்பும் இம்முறை, கொல்லும் மருந்தைப்போல எதிர்ப்புத்திறனை விரைந்து தூண்டாது என்பது ஆய்வாளர் எதிர்பார்ப்பு.

மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையிலும் இவ்வாராய்ச்சி வேரூன்றியது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தார், வளைகுடாப் பவளங்களில் வாழும் பற்றீரியாக்களின் சாறுகள் தொண்டைநோய்க் கிருமியின் படலத்தைத் தடுத்தலை 2009, 2010 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். அவை சாறுகளேயன்றித் தூய நொதியங்கள் அல்ல என்பதை மாணவர் மனங்கொள்க.

படகின் அடியில் பாசியும் கொட்டலசும் ஏறுதற்கு வழிசெய்வதும் இத்தகைய படலமே. ஆகவே மீனவர்க்கு அதனை நீக்கும் நொதியம் நன்மையாகத் தோன்றும். ஆயின், சிப்பியினங்கள் பலவற்றின் குஞ்சுகள் வெறுங்கல்லைவிடப் படலம் படிந்த கல்லையே நாடுகின்றன. படகடியிற் பூசும் நொதியம் நீரிற் கசிந்து பாரினை எட்டுமா, எட்டின் எத்துணைக் காலம் வலியுடன் நிற்கும் என்பவற்றை, அதனை இக்கடலில் இறக்குமுன் அளந்தறிதல் வேண்டும்.