ஊர் பேண்டுக்கு எந்தப் பாட்டு?



சற்று நீளமான பதிவு. காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

நம் பள்ளியில் படித்த ஒரு தம்பி இப்போது நெதர்லாந்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறார். அங்கே அநேகமாக எல்லா ஊரிலும் ஒரு பேண்டு உண்டு. வாசிப்பவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்ல. ரொட்டிக் கடைக்காரர், நர்ஸ், பஸ் ஓட்டுநர், பள்ளிப் பிள்ளைகள் என்று சுமார் 35 பேர் வாரம் ஒரு மாலை கூடி வாசிப்பார்கள். நம் தம்பி அதில் கிளாரினெட். வசந்த காலக் கச்சேரிக்கு ‘நல்ல வண்ணமயமான’ உருப்படி ஒன்றைச் சொல்லுங்கள் என்று எல்லாரிடமும் கேட்டிருக்கிறார்கள். “சார், நீங்கள்தான் கிரிமியப் போர் பாடத்தை விட்டுவிட்டு பேண்டு கதை சொல்வீர்களே, சொல்லுங்கள்” என்று எழுதியிருந்தார். அவருக்கு மட்டும் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுவிட்டதால் எல்லாருக்குமாகப் போடுகிறேன்.

அந்தக் கிரிமியப் போர் கதையிலிருந்தே தொடங்கலாம். 1854-ல் துருக்கியில் ஸ்கூட்டாரி என்ற இடத்தில் விக்டோரியா அரசியின் பிறந்தநாளுக்குப் பிரிட்டிஷ் படைகள் அணிவகுத்தன. எல்லாப் படைப்பிரிவுகளின் பேண்டும் சேர்ந்து அரச வாழ்த்தை வாசித்தன. ஒவ்வொரு பேண்டிடமும் ஒவ்வொரு ஏற்பாடு, ஒவ்வொரு சுருதி. காது கிழிந்துபோனது என்று பிரிட்டிஷ் ராணுவ இசைக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். இந்த வெட்கம்தான் 1857-ல் லண்டனுக்கு அருகே நெல்லர் ஹால் என்ற ராணுவ இசைப் பள்ளி தொடங்கப்படக் காரணம் என்பது வழிவழியாக வரும் கதை. பள்ளி தொடங்கியது உண்மை. பெயரை நினைவில் வையுங்கள், மீண்டும் வரும்.

இடையில் நம் ஊர்ச் செய்தி ஒன்று. அதே அரச வாழ்த்து மெட்டில் முத்துஸ்வாமி தீட்சிதர் (1775–1835) ‘சந்ததம் பாஹிமாம்’ என்று சம்ஸ்கிருதத்தில் ஒரு பாட்டு செய்திருக்கிறார். மணலியில் இருந்த காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டை பேண்டு வாசித்ததைக் கேட்டு அவர் செய்த ‘நோட்டுஸ்வரங்கள்’ இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்படுகின்றன. ஸ்கூட்டாரிக்கு வெகுகாலம் முன்பே நம் ஆள் அந்த மெட்டைச் சுத்தமாகப் பாடி முடித்துவிட்டார்!

சரி, விஷயத்துக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டில் பேண்டுக்கு என்று தனியாகப் பெரிய இசை அதிகம் கிடையாது. அணிநடை இருந்தது, நடனம் இருந்தது, மீதியெல்லாம் இரவல். ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய வெர்டியையும் வாக்னரையும் ராஸினியையும் பேண்டுக்கு மாற்றி வாசித்தார்கள். இதை நான் குறைவாகச் சொல்லவில்லை. ஆர்கெஸ்ட்ரா எட்டிப்பார்க்காத சிற்றூர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் அந்த இசையை முதன்முதலில் கேட்டது பூங்காவில் வாசித்த பேண்டிடம்தான். அமெரிக்காவில் சூசா 1892-ல் சொந்தக் குழு தொடங்கி ஊர் ஊராகப் போனதும் இப்படித்தான். கனமான உருப்படி ஒன்று முடிந்து கைதட்டல் ஓயும் முன்பே தன் அணிநடை ஒன்றைத் தட்டிவிடுவார். கூட்டத்தின் நாடி பிடிக்கத் தெரிந்தவர்.

ஆனால் இரவல் இசையில் ஒரு சங்கடம். வயலின்கள் வாசித்ததையெல்லாம் கிளாரினெட்டுகள் தலையில் கட்டிவிடுவார்கள். வயலின்காரருக்கு மூச்சு முட்டாது, கிளாரினெட்காரருக்கு உதடு வலிக்கும். கொம்பு வாசிப்பவரோ மாலை முழுக்க ‘உம்-பா’வில் அந்த ‘பா’ மட்டும் வாசித்துக்கொண்டிருப்பார். எல்லா வாத்தியமும் எல்லா நேரமும் ஒலித்தால், எல்லாச் சாயத்தையும் ஒரே கிண்ணத்தில் ஊற்றின மாதிரி பழுப்பு நிறம்தான் மிஞ்சும். பலர் ‘வண்ணமயம்’ என்றால் சத்தம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் யார் சும்மா இருக்கிறார்கள் என்பதில்தான் வண்ணம் இருக்கிறது.

இதை முதலில் சரியாகப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் குஸ்டாவ் ஹோல்ஸ்ட் என்ற ஆங்கிலேயர். 1874-ல் பிறந்தவர். பியானோ கலைஞராக விரும்பினார், வலது கையில் நரம்பு வலி. அதனால் ட்ராம்போனுக்கு மாறினார். வயிற்றுப்பாட்டுக்காக ‘ஒயிட் வியன்னீஸ் பேண்டு’ என்ற குழுவில் கடற்கரை ஊர்களில் வாசித்தார். பெயர்தான் வியன்னா. வாசித்தவர்கள் ஆங்கிலேயர்கள். வெளிநாட்டுக்காரர் போல உச்சரித்துப் பேச வேண்டும் என்று தலைவர் உத்தரவு போட்டிருந்தாராம்! பேண்டில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவனின் சலிப்பு அவருக்கு நேரடியாகத் தெரியும்.

பிறகு அவர் வாத்தியார் ஆனார். 1905 முதல் 1934-ல் இறக்கும் வரை லண்டனில் செயின்ட் பால் பெண்கள் பள்ளியில் பாட்டு வாத்தியார். கூடவே மோர்லி கல்லூரியில் பகலெல்லாம் வேலை செய்துவிட்டு மாலையில் வரும் சாதாரண மக்களுக்கு வகுப்பு. 1911-ல் அந்த மாணவர்களை வைத்தே பர்சலின் ‘ஃபேரி க்வீன்’ என்ற மறந்துபோன பெரிய படைப்பை அரங்கேற்றினார். அதன் இசைப் படிகளை மாணவர்களே கையால் எழுதினார்கள். நம்மைப் போன்ற வாத்தியார்களுக்கு இதைப் படித்தால் கொஞ்சம் பொறாமை வரும். சொந்த முயற்சியில் சம்ஸ்கிருதம் கற்று ரிக் வேதப் பாடல்களுக்கு இசையமைத்தவரும், சாவித்திரி கதையை 1908-ல் ஓபராவாக எழுதியவரும் இவரே.

1909-ல் அவர் பேண்டுக்காக எழுதிய ‘முதல் சூட்’ மூன்று பகுதிகள் கொண்டது. டியூபாவும் யூஃபோனியமும் அடித்தொண்டையில் ஒரு சின்ன மெட்டைத் தொடங்கும். முதல் பகுதி முழுக்க அந்த மெட்டே திரும்பத் திரும்ப வரும். ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே, நடுவில் தலைகீழாக. மற்ற இரண்டு பகுதிகளும் அதே மெட்டின் தொடக்கத்திலிருந்து முளைத்தவை. அதனால் இடைவெளி இல்லாமல் சேர்த்து வாசிக்கச் சொன்னார்.

என்னைக் கவர்ந்தது வேறு. அதில் 19 பாகங்கள்தான் கட்டாயம். மற்ற வாத்தியங்களுக்கு எழுதியவை ‘இருந்தால் வாசிக்கலாம்’ என்ற வகை. ஊருக்கு ஊர் பேண்டு வேறுபடும், ஓரிடத்தில் ஓபோ இருக்காது, ஓரிடத்தில் பாஸூன் இருக்காது என்பதைத் தெரிந்துகொண்டு எழுதியிருக்கிறார். இல்லாதவனை நினைத்து எழுதுவது எல்லாருக்கும் வராது. இந்தப் படைப்பு நெல்லர் ஹாலில் வாசிக்கப்பட்டது 1920-ல்தான். அதற்கு முந்திய கச்சேரி எதுவும் பதிவாகவில்லை. பதினொரு வருடம்!

1911-ல் எழுதிய ‘இரண்டாம் சூட்’ நாட்டுப்புற மெட்டுகளால் ஆனது. அதில் ‘கொல்லன் பாட்டு’ ஒன்று உண்டு. தாள வாத்தியக்காரர் உண்மையான பட்டறைக் கல்லையே சுத்தியலால் தட்டுவார். முன்வரிசையில் உட்காரும் பிள்ளைகள் எழுந்து நின்று பார்க்கும் இடம் அது. கடைசிப் பகுதியில் ‘டார்கசன்’ என்ற நடன மெட்டு நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும்போது, எல்லாருக்கும் தெரிந்த ‘க்ரீன்ஸ்லீவ்ஸ்’ மெட்டு மேலே மிதந்து வரும். முடிவில் மிக மெல்லிய பிக்கலோவும் மிகத் தடித்த டியூபாவும் மட்டும் பேசிக்கொள்ளும், அவ்வளவுதான், முடிந்தது. இந்தக் கடைசிப் பகுதியையே பின்னர் தன் பள்ளிப் பெண்களுக்காகத் தந்தி வாத்தியங்களுக்கு மாற்றிக் கொடுத்தார். அவருடைய நண்பர் வான் வில்லியம்ஸ் 1923-ல் நெல்லர் ஹாலுக்காக இன்னொரு நாட்டுப்பாடல் சூட் எழுதினார். அதுவும் நல்ல உருப்படி. எளிதும்கூட.

அடுத்தவர் பெர்சி கிரெய்ஞ்சர். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், பெரிய பியானோ மேதை, சற்றே கிறுக்கு. 1906-ல் லிங்கன்ஷயர் கிராமங்களுக்கு மெழுகு உருளைப் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போய் முதியவர்கள் பாடியதைப் பதிவு செய்தார். அதுவரை நாட்டுப்பாடல் சேகரித்தவர்களில் பெரும்பாலோர் காதால் கேட்டு, மெட்டை ‘ஒழுங்கு’ செய்து எழுதிக்கொள்வார்கள். கருவி ஒழுங்கு செய்யாது. கிழவர் எங்கே மூச்சு விட்டார், எங்கே இழுத்தார், எங்கே தாளத்தை விட்டுப் பாடினார் என்று எல்லாம் அதில் இருக்கும். அது பிழையல்ல, அதுதான் பாட்டு என்று கிரெய்ஞ்சர் பிடிவாதம் பிடித்தார்.

அவர்களில் ஜார்ஜ் கோல்ட்தார்ப் என்பவர் சுண்ணாம்புக் காளவாயில் உழைத்தவர். முதுமையில் ஏழைகள் விடுதியில் ஒதுங்கியவர். ஜோசப் டெய்லர் என்பவர் மட்டும் கொஞ்சம் அதிர்ஷ்டக்காரர், அவர் பாடிய இசைத்தட்டுகளே 1908-ல் வெளியாயின. முப்பது வருடம் கழித்து, 1937-ல், இந்த முதியவர்களின் பாட்டுகளைக் கொண்டு கிரெய்ஞ்சர் பேண்டுக்கு எழுதியதுதான் ‘லிங்கன்ஷயர் போஸி’. ஆறு பகுதிகள். ஒவ்வொன்றும் ஒரு பாடகரின் உருவப்படம் என்றார். அந்த முதிய பாடகர்களுக்கே அதைக் காணிக்கையாக்கினார்.

முதல் கச்சேரி அமெரிக்காவில் மில்வாக்கி நகரில். வாசித்த குழுவில் பீர் ஆலைத் தொழிலாளர் பேண்டுகளின் ஆட்களும் இருந்தார்கள். அன்று முழுவதையும் வாசிக்க முடியவில்லை. சில பகுதிகளில் தாளம் அடிக்கு அடி மாறும். ‘லார்ட் மெல்போர்ன்’ பகுதியில் சில இடங்களில் தாளமே கிடையாது, நடத்துநர் தன் இஷ்டப்படி சுரத்துக்குச் சுரம் கையை வீச வேண்டும். எண்ணி எண்ணிப் பழகியவர்கள் திணறிப்போனார்கள். நம் விருத்தம் பாடுகிறவரிடம் கொடுத்திருந்தால் சிரித்துக்கொண்டே பாடியிருப்பார் என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஆகவே தம்பி, உங்கள் 35 பேருக்கு ‘போஸி’ முழுவதும் வேண்டாம். ஆனால் கோல்ட்தார்ப் பாடிய ‘ஹோர்க்ஸ்டோ கிரேஞ்ச்’ பகுதியை மட்டும் எடுங்கள். மெதுவானது. விரல் வேகம் வேண்டாம், காது வேண்டும்.

இங்கே ஒரு வாத்தியார் பேச்சு. உருப்படி தேர்வு செய்யும்போது முதல் கிளாரினெட்டின் தாளைப் பார்க்காதீர்கள். மூன்றாம் கிளாரினெட்டின் தாளையும், இரண்டாம் கொம்பின் தாளையும் எடுத்துப் பாருங்கள். அவர்களுக்கு ஒரு நல்ல வரியாவது இருக்கிறதா? கடைசி பெஞ்சில் இருப்பவனிடம் வருடம் முழுக்க ஒரு கேள்விகூடக் கேட்காத வகுப்பில் அவன் எதற்கு வருவான்? ஊர் பேண்டில் சம்பளம் கிடையாது. வரவில்லையென்றால் நிறுத்திவைக்க முடியாது. ஆள் போனால் போனதுதான். அடுத்து, தாளில் சிறிய எழுத்தில் ‘ஓபோ இல்லாவிட்டால் இதை நீ வாசி’ என்று மாற்றுக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் உங்கள் ஊரில் ஓபோ தனி வரும் உருப்படியை எடுத்தால் அந்த இடத்தில் மௌன அஞ்சலிதான். கிரெய்ஞ்சர் 1929-லேயே இதைப் பற்றி ‘நெகிழ்வான அமைப்பு’ என்று எழுதினார். எந்த வாத்தியத்தில் என்பது பெரிதல்ல, மெட்டுகளுக்கு இடையே ஒலியளவு சரியாக இருந்தால் போதும் என்பது அவர் கட்சி.

உங்கள் நெதர்லாந்துக்காரர் யோஹான் டி மேய் எழுதிய ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ சிம்பொனியை (1988-ல் முதலில் வாசிக்கப்பட்டது) யாராவது சொல்வார்கள். கேட்க அற்புதம். முழுவதும் சுமார் 40 நிமிடம் ஓடும். ஒரு பகுதி போதும்.

என் தேர்வு எது என்று கேட்டால், ஆல்ஃபிரட் ரீடின் ‘ஆர்மீனிய நடனங்கள்’, முதல் பாகம். 1973 ஜனவரியில் இல்லினாய் பல்கலைக்கழக பேண்டு ஹாரி பெகியன் தலைமையில் முதலில் வாசித்தது. பெகியனும் ஆர்மீனிய வழிவந்தவர். சுமார் 11 நிமிடத்தில் ஐந்து பாட்டுகள். வாதுமைப் பழ வகையைச் சேர்ந்த ஒரு பழமரத்தைப் பற்றிய பாட்டு, கவுதாரிப் பாட்டு, ஓர் இளைஞன் தன் காதலியை அழைப்பது, ஒரு மலையைப் பற்றியது, கடைசியில் சிரிப்பும் ஓட்டமுமாக ஒன்று. உங்கள் குழுவுக்குக் கஷ்டம்தான், மறைக்கவில்லை. மூன்று மாதப் பயிற்சி கேட்கும்.

இந்த மெட்டுகளைக் கிராமம் கிராமமாகப் போய்ச் சேகரித்தவர் கோமிதாஸ் என்ற ஆர்மீனியத் துறவி. 1869-ல் பிறந்தவர். 1915 ஏப்ரல் 24-ஆம் தேதி கான்ஸ்டான்டினோபிளில் ஆர்மீனிய அறிஞர்களைக் கைது செய்து நாடு கடத்தியபோது அவரும் அதில் இருந்தார். அவர் திரும்பி வந்துவிட்டார். உடன் போனவர்களில் பலர் திரும்பவில்லை. அதன் பிறகு அவருடைய மனம் உடைந்துபோனது. கடைசி வருடங்களை பாரிஸ் பக்கம் மனநல மருத்துவமனைகளில் கழித்து 1935-ல் அங்கேயே இறந்தார். சேகரித்ததில் பெரும்பகுதி தொலைந்துபோனது. அவர் கேட்டு எழுதிய கிராமங்களில் பல இன்று அந்த மக்களுடன் இல்லை. மிஞ்சிய தாள்களிலிருந்துதான் ரீட் எடுத்தார். கச்சேரியில் வாசிப்பதற்கு முன் யாராவது இரண்டு நிமிடம் இதைச் சொன்னால் நன்றாக இருக்கும்.

சென்னைக்காரர்களுக்கு: பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு என்கிறோமே, அது ஆர்மீனியன் தெருதான், நம் வாயில் அரண்மனை ஆகிவிட்டது. உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை ‘அஸ்தரார்’ 1794-ல் அச்சானது நம் மதராஸில். அந்தத் தெருவில் இருக்கும் ஆர்மீனியக் கோயிலின் மணிக்கூண்டைப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

தம்பிக்கு இன்னும் ஒன்று. மூன்றாவதாக வரும் ‘ஹோய் நாசான்’ பகுதி ஐந்து எண்ணிக்கையில் போகும். ஐரோப்பியர்கள் அங்கே விழிப்பார்கள். உனக்கு அது கண்டசாபு. எங்கே ‘தக தகிட’, எங்கே ‘தகிட தக’ என்று எல்லாருடைய தாளிலும் பென்சிலால் பிரித்துக் கோடு போட்டுக் கொடு. முதல் வாரம் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு, வாயால் சொல்லிக் கைதட்டச் சொல்.