போபால்: விடியாத இரவு – 9. ஒரே வரியில் ரத்து

1984 டிசம்பர் 7 அன்று, 25,000 ரூபாய் ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாநில அரசின் விமானத்திலேயே டில்லிக்குப் பறந்தாரே யூனியன் கார்பைடு தலைவர் வாரன் ஆண்டர்சன், நினைவிருக்கிறதா? அந்தப் பத்திரத்துக்கே வேலையில்லாமல் போன நாளுக்கு இப்போது வருகிறோம்.

1989 பிப்ரவரி 14. உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஆர்.எஸ். பதக் உள்பட ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு. அவர்கள் முன் இருந்த கேள்வி சிறியது: யூனியன் கார்பைடு இடைக்கால நிவாரணமாக எவ்வளவு தர வேண்டும்? போபால் மாவட்ட நீதிமன்றம் 350 கோடி ரூபாய் என்றது. உயர் நீதிமன்றம் அதை 250 கோடியாகக் குறைத்தது. அந்த மேல்முறையீடுதான் விசாரணையில் இருந்தது.

அன்று வந்த உத்தரவோ மொத்த வழக்கையும் முடித்துவைத்தது. இந்திய அரசு கேட்டிருந்தது 330 கோடி டாலர். ஒப்புக்கொண்டது 47 கோடி. ஏழில் ஒரு பங்கு! பாதிக்கப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை என்று 1985-லேயே சட்டம் வந்துவிட்டது. அவர்கள் எல்லோருக்குமாக வழக்காடும் உரிமை அரசின் கையில் இருந்தது.

தொகையாவது போகட்டும். அதே உத்தரவில் இன்னொரு வரி இருந்தது. விஷவாயு விபத்து தொடர்பான கிரிமினல் வழக்குகள் எங்கே நிலுவையில் இருந்தாலும் அவை ரத்து.

இந்த வரியை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. 1987-இல் சி.பி.ஐ. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில், மூன்று கம்பெனிகளையும் ஆண்டர்சனையும் சேர்த்து 12 எதிரிகள். குற்றம், கொலையாகாத மரணம் விளைவித்தது. 304-ஆம் பிரிவின் இரண்டாம் பகுதி, பத்தாண்டு வரை சிறை. அடிதடி வழக்கில் அடித்தவனும் அடிபட்டவனும் ராஜியாகலாம். இந்தப் பிரிவில் ராஜிக்குச் சட்டம் இடம் தரவில்லை. பிணங்களுக்கு விலை பேசும்போதே குற்றத்துக்கும் சேர்த்து ரசீது கொடுத்தால், அடுத்த கம்பெனி எதற்கு அஞ்சும்?

போபால் பெண்கள் அஞ்சவில்லை. நுரையீரல் வெந்துபோனவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் டில்லிக்கு வந்து நீதிமன்றத்தின் முன் குரல் எழுப்பினார்கள். அப்துல் ஜப்பார் முன்னின்ற பெண்கள் சங்கம் உள்பட, பலரிடமிருந்து மறுஆய்வு மனுக்கள் குவிந்தன. அதற்குள் பதக், திஹேகிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கு நீதிபதியாகப் போய்விட்டார்.

1991 அக்டோபர் 3. தலைமை நீதிபதி இப்போது ரங்கநாத் மிஸ்ரா. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி எம்.என். வெங்கடாசலையா. 47 கோடி டாலரில் மாற்றமில்லை என்றது தீர்ப்பு. ஏழாண்டு காத்திருந்தவர்களுக்கு மிஞ்சியது அந்த இன்னொரு வரிதான். ரத்தான வழக்குகள் ரத்தானவையேதானா? ஆண்டர்சனின் பெயர் போபால் நீதிமன்றத்தில் மறுபடி அழைக்கப்படுமா?

(தொடரும்)