ஓட்சல் பள்ளமும் ஊர்மக்களும்

1954 ஆம் ஆண்டு மே மாதம் 5 ஆம் நாள், புதன்கிழமை மாலை. வட இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரிலுள்ள ஓட்சல் திடலை நோக்கி மக்கள் திரண்டு வந்தவண்ணம் இருந்தனர். ரக்பி லீக் கிண்ணத்திற்கான இறுதியாட்டம் வெம்பிளியில் சமநிலையில் முடிந்துவிட்டதால், வாரிங்டன், ஹாலிபாக்ஸ் குழுக்கள் அன்று மீண்டும் மோதின. கணக்கில் பதிவான பார்வையாளர் மட்டும் 102,569 பேர். ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 1963 நவம்பரில் அதே திடலில் பிராட்போர்டு நார்தர்ன் கழகம் பாரோ குழுவை எதிர்த்து ஆடியபோது வந்திருந்தவர்கள் 324 பேரே.

இவ்வளவு பெரிய வீழ்ச்சி ஏன் நேர்ந்தது? இதை அறிய இவ்விளையாட்டின் பிறப்பை அறிதல் வேண்டும். சனிக்கிழமைகளிலும் உழைத்த ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் ரக்பி ஆடச் சென்றால் அன்றைய கூலியை இழந்தனர். அவ்விழப்பை ஈடுசெய்யலாகாது என்று தலைமைச் சங்கம் மறுத்தது. எனவே 1895 ஆகஸ்டு 29 இல் ஹடர்ஸ்பீல்டு நகரின் ஜார்ஜ் விடுதியில் கூடிய வடபுலக் கழகத்தார் தனிச்சங்கம் கண்டனர். கூலி ஈட்டுக்குரிய பணம் வாயிலில் வசூலாகும் காசிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஆகவே பார்ப்பவன் சலிப்படையாதிருக்க விதிகளையே மாற்றத் துணிந்தனர். 1906 இல் குழுவிற்குப் பதினைவர் என்றிருந்தது பதின்மூவராகக் குறைக்கப்பட்டது. நெரிசல் தளர்ந்தது, பந்தைக் கையிலேந்தி ஓடும் அழகு கண்ணுக்குப் புலப்பட்டது.

ஓட்சல் திடல் நகரக் குப்பையைக் கொட்டி நிரப்பிய பெரும்பள்ளம். 1934 இல் அது பிராட்போர்டு நார்தர்னின் இல்லமாயிற்று. 1947, 1948, 1949 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து வெம்பிளி சென்ற அக்கழகம் இருமுறை கிண்ணம் வென்றது. பின்னர்ச் சிறந்த ஆட்டக்காரர்கள் ஓய்வு பெற்றனர். அவர்தம் இடத்தை நிரப்பத் தக்கவர் அமையவில்லை. வீடுகளில் தொலைக்காட்சி குடிபுகுந்தது. தோல்வி தொடரத் தொடர மக்கள் வருகை குறைந்தது. இலட்சம் பேரைக் கொள்ளும் பள்ளத்தில் முந்நூறு பேர் நிற்கையில், நிற்பவனுக்கே தான் வந்தது தவறோ என்று தோன்றாதா? வெறுமை தானே வெறுமையைப் பெருக்கும். 1963 டிசம்பரில், பருவம் முடியுமுன்பே கழகம் மூடப்பட்டது.

வியப்பு இனிமேல்தான். முன்னாள் ஆட்டக்காரர்களான டிரெவர் பாஸ்டர், ஜோ பிலிப்ஸ் இருவரும் முன்நின்று ஊர்மக்களைத் திரட்டினர். 1964 ஆகஸ்டில் புத்துயிர் பெற்ற கழகம் ஹல் கிங்ஸ்டன் ரோவர்சுடன் ஆடியபோது 14,542 பேர் வந்தனர்! ஒன்பதே மாதங்களில் பிராட்போர்டில் புதுமக்கள் குடியேறிவிடவில்லை. முன்பு வராதிருந்தவர்களே இப்போது வந்தனர். கழகம் தம்முடையது என்பதை அதை இழந்தபின்தான் உணர்ந்தார்கள் போலும். 1967 டிசம்பரில் யார்க் குழுவுடன் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஒன்றை நடத்தி, மக்களுக்கு வசதியான நாளைத் தேடும் முயற்சியிலும் பிராட்போர்டு முன்நின்றது.

1995 இல் ஒளிபரப்பு நிறுவனம் 87 மில்லியன் பவுன் தர முன்வந்தபோது, அண்டை ஊர்க் கழகங்களை இணைத்துவிட அதிகாரிகள் திட்டமிட்டனர். காசில்போர்டு, பெதர்ஸ்டன், வேக்பீல்டு மூன்றும் ஒன்றானால் மூவூர்க் கூட்டமும் ஓரிடம் சேரும் என்பது அவர்கள் கணக்கு. மக்கள் தெருவில் இறங்கி எதிர்க்கவே அத்திட்டம் கைவிடப்பட்டது. அயலூர்க் கொடியின்கீழ் நிற்க எவர் மனம் ஒப்பும்?

ஆட்டப்பருவம் குளிர்காலத்திலிருந்து கோடைக்கு மாறிய 1996 இல் பிராட்போர்டு கழகம் 'புல்ஸ்' எனப் பெயர் சூடியது. பீட்டர் டீக்கின் என்பார் விளம்பரப் பணியைத் தலைமேற்கொண்டார். ஆட்டத்திற்கு முன் இசை முழங்கியது. காளை வேடமிட்டவர் திடலைச் சுற்றி வந்தார். இவையெல்லாம் வெறும் ஆரவாரம் என்று முதியோர் சிலர் முகம் சுளித்திருக்கலாம். ஆயினும் ஆட்டக்காரர்கள் பள்ளிகளுக்கு நேரிற் சென்று சிறுவருடன் பழகியதே அவருடைய திட்டத்தில் ஆழமான பகுதி. சிறுவன் ஒருவன் வர விரும்பினால் பெற்றோரும் உடன் வந்தாக வேண்டுமன்றோ! 1997 இல் சராசரி வருகை 15,000 ஐத் தாண்டியது. குழுவும் அவ்வாண்டு வாகை சூடியது.

கூட்டம் வந்துவிட்டால் கழகம் பிழைத்துவிடும் என்று எண்ணுதல் பிழை. 2012 இல் கடனில் தத்தளித்த கழகம் கையேந்தியபோது இரசிகர்கள் வாரி வழங்கினர். எனினும் சில மாதங்களிலேயே அது நொடிப்பு நிர்வாகத்தின்கீழ்ச் சென்றது. 2017 சனவரியில் கலைக்கப்பட்டது. அதன் வழியில் தோன்றிய புதுக்கழகம் இரண்டாம் பிரிவில், 12 புள்ளிகள் பறிக்கப்பட்ட நிலையில், அவ்வாண்டுப் பருவத்தைத் தொடங்கிற்று. இடையில் ஓட்சலை விட்டு டியூஸ்பரித் திடலில் ஆடி, மீண்டும் பள்ளத்திற்கே திரும்பியது. 2026 ஆம் ஆண்டுக்கு முதற்பிரிவில் அதற்கு மீண்டும் இடம் கிடைத்தது. அவ்விடத்தைத் தீர்மானித்த தரமதிப்பீட்டில், ஆட்டம் காண வந்த மக்களின் எண்ணிக்கைக்கும் புள்ளிகள் உண்டு.