சுட்டவன் ஒருவன், துணைநின்றோர் எத்தனை பேர்?

1948 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை. மாலை 5.17 மணிக்குத் தில்லி பிர்லா மாளிகையின் பிரார்த்தனைத் திடலில் காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் முஸ்லிம் என்ற வதந்தியும் உடனே கிளம்பியது. கொலையாளி ஓர் இந்து என்பதை அரசு விரைந்து வானொலியில் அறிவித்திராவிடில் எத்தனை முஸ்லிம் குடும்பங்கள் அழிந்திருக்குமோ, அல்லாஹ்வே அறிவான்.

அவர் இறுதியாக நோற்ற உண்ணாநோன்பும் தில்லி முஸ்லிம்களின் பாதுகாப்புக்காகவே. ஜனவரி 13இல் தொடங்கி 18இல் அதனை முடித்தார். பறிக்கப்பட்ட பள்ளிவாசல்கள் திருப்பித் தரப்பட வேண்டும், மெஹ்ரோலியிலுள்ள குத்புத்தீன் பக்தியார் காக்கி தர்காவில் உரூஸ் தடையின்றி நடைபெற வேண்டும் என்பன அவர் வைத்த நிபந்தனைகளுள் அடங்கும். 27ஆம் நாள் அந்த உரூஸுக்கு அவரே நேரில் சென்றார். மூன்று நாள்களில் அவர் உயிருடன் இல்லை.

நாதுராம் கோட்சேயின் பெயரை நாம் அனைவரும் அறிவோம். அவனுக்குத் துணைநின்றவர்களைக் குறித்து நம் பிள்ளைகளுக்குச் சொல்வது குறைவு. நாராயண் ஆப்தே, நாதுராம் ஆசிரியராக இருந்த பத்திரிகையின் நிர்வாகி. திட்டத்தின் மூளையாகக் கருதப்பட்டவன். விஷ்ணு கர்கரே அகமதுநகரில் விடுதி நடத்தியவன். நாதுராமின் தம்பி கோபால், இராணுவக் கிடங்கு ஒன்றின் ஊழியன். திகம்பர் பாட்கே புனேயில் ஆயுதம் விற்றவன்; சங்கர் கிஸ்தையா அவனுடைய வேலைக்காரன். மதன்லால் பாவா பஞ்சாபிலிருந்து அகதியாக வந்த இளைஞன். ஒருவன் பணம் திரட்ட, ஒருவன் ஆயுதம் கொடுக்க, ஒருவன் உடன் பயணிக்க என வேலை பங்கிடப்பட்டிருந்தது.

இவர்கள் எழுவரும் ஜனவரி 20 அன்றே பிர்லா மாளிகைக்குச் சென்றனர். மதன்லால் மதிலோரம் குண்டு வெடிக்கச் செய்தான். காந்தியடிகளின் பின்புறமிருந்த அறைக்குள் புகுந்து தாக்க வேண்டிய பாட்கே, அகப்பட்டுக்கொள்வோம் என அஞ்சிப் பின்வாங்கினான். மதன்லால் பிடிபட்டான், மற்றவர்கள் தப்பினர்.

நம் உள்ளத்தை உறுத்துவது இதன் பின்னர் நடந்ததே. பம்பாய்ப் பேராசிரியர் ஜெ.சி. ஜெயினிடம் மதன்லால் முன்னதாகவே இத்திட்டத்தைக் கூறியிருந்தான். வெறும் வீறாப்பு என்றே அவர் எண்ணினார். குண்டுவெடிப்புச் செய்தியைப் படித்ததும் பதறி, மறுநாளே முதல்வர் பி.ஜி. கேரையும் உள்துறை அமைச்சர் மொரார்ஜி தேசாயையும் சந்தித்து அறிந்ததைச் சொன்னார். ஒரு பத்திரிகை ஆசிரியருக்குத் தொடர்புண்டு என்று மதன்லாலும் காவலர்களிடம் கூறியிருந்தான். ஆயினும் தில்லிக் காவல்துறைக்கும் பம்பாய்க் காவல்துறைக்கும் இடையே ஒத்துழைப்பு போதவில்லை. பத்து நாள்கள் வீணாயின. நாதுராம் குவாலியரில் துப்பாக்கி பெற்றுத் தில்லிக்குத் திரும்பினான். அவன் சுட்டபோது ஆப்தேயும் கர்கரேயும் கூட்டத்தில் இருந்தனர்.

செங்கோட்டையில் நடந்த விசாரணையில் பாட்கே அப்ரூவரானான். 1949 பிப்ரவரி 10இல் நாதுராமுக்கும் ஆப்தேக்கும் மரண தண்டனையும் ஐவருக்கு ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டன. சாவர்க்கர் விடுவிக்கப்பட்டார். மேல்முறையீட்டில் சங்கரும் குவாலியர் மருத்துவர் பர்ச்சுரேயும் விடுதலையாயினர். நவம்பர் 15 அன்று அம்பாலா சிறையில் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். துப்பாக்கி ஏந்தாத ஆப்தேக்கும் சுட்டவனுக்குரிய தண்டனையே கிடைத்தது.

1964இல் ஆயுள் கைதிகள் மூவரும் விடுதலையானபோது புனேயில் அவர்களுக்கு வரவேற்பு விழா நடத்தினர். அங்கே ஜி.வி. கேத்கர் என்பவர், கொலைத் திட்டம் தமக்கு முன்னரே தெரியும் என்று பேசினார். எழுந்த கொந்தளிப்பின் விளைவாகவே 1966இல் கபூர் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது.

பாவத்திற்கும் பகைமைக்கும் துணைபோகலாகாது என்பது நம் மார்க்கத்தின் கட்டளை. கூலிக்காகவோ நட்புக்காகவோ உதவியவர்களும், கேட்டும் வாளாவிருந்தவர்களும் நம் தெருக்களிலும் இருக்கக்கூடும். நம் இளைஞர் ஒருவர் வன்மத்தோடு பேசுவதைக் கேட்டால், ‘சும்மா பேசுகிறான்’ என்று கடந்து செல்லாதிருப்போம். பேராசிரியர் ஜெயினும் முதலில் அவ்வாறே எண்ணினார்.