மார்பர்க் மேசையில் ஒரு சொல்

கிறித்தவ வழிபாட்டில் தலையாய இடம் பெறுவது நற்கருணை. ஏசுநாதர் தம் இறுதி இராவிருந்தில் அப்பத்தைத் தம் உடலென்றும், திராட்சை இரசத்தைத் தம் குருதியென்றும் கூறிச் சீடர்க்கு அளித்தார் என்பது மத்தேயு, மாற்கு, லூக்கா சுவிசேஷங்கள் தரும் செய்தி. அக்கூற்றுக்கு எவ்வாறு பொருள்கொள்வது என்ற வினாவே பிற்காலத்தில் திருச்சபைகளைப் பிரித்தது.

1215ஆம் ஆண்டு கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், அப்பமும் இரசமும் இறையாற்றலால் உடலாகவும் குருதியாகவும் மாறுகின்றன என வரையறுத்தது. நிறமும் சுவையும் முன்போலவே இருக்கும். உள்ளீடான பொருளே மாறும் என்று அறிஞர் விளக்கினர். 1520இல் மார்ட்டின் லூதர் இவ்விளக்கத்தை மறுத்தார். ஆயினும், அப்பம் அப்பமாக இருக்கும்போதே கிறிஸ்துவின் உடலும் அங்கு மெய்யாக உண்டு என்பதில் உறுதியாக நின்றார். சூரிச் நகரின் சுவிங்கிலியோ, 'ஆகும்' என்பதற்குக் 'குறிக்கும்' என்பதே பொருள் என்றார்.

இவ்விருவரையும் இணைத்து, பேரரசர் ஐந்தாம் சார்லசுக்கு எதிராக ஓர் அணி அமைக்க விழைந்த ஹெஸ் நாட்டு இளவரசர் பிலிப், 1529 அக்டோபர் தொடக்கத்தில் தம் மார்பர்க் கோட்டைக்கு அவர்களை அழைத்தார். அதே நாட்களில் சுல்தான் சுலைமானின் படை வியன்னாவை முற்றுகையிட்டிருந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

லூதர் அத்திருவாக்கை மேசைமீது சுண்ணக்கட்டியால் லத்தீனில் எழுதிவைத்து வாதிட்டார். லத்தீன் வாக்கியத்தில் 'ஆகும்' எனும் வினை வெளிப்படையாக உண்டு. ஏசுநாதர் பேசிய அரமேய மொழியிலோ, அதன் உறவு மொழியாகிய அரபியைப் போலவே, இத்தகைய வாக்கியத்திற்கு அவ்வினை தேவையில்லை, தமிழிலும் அவ்வாறே. ஆயின், சொல் இல்லாமையால் சிக்கல் தீர்ந்துவிடாது. மெய்யா, குறியா என்ற வினா அப்போதும் எஞ்சும்.

வரையப்பெற்ற 15 கூறுகளுள் 14இல் இருதரப்பும் உடன்பட்டன. இறுதிக் கூற்றிலும் அப்பத்தோடு இரசமும் அனைவர்க்கும் வழங்கப்பட வேண்டும் என்பதை ஏற்றன. உடல் மெய்யாக அங்கு உண்டா என்பதில் மட்டும் இசைவு பிறக்கவில்லை.

1531இல் சுவிங்கிலி காப்பல் போரில் மாண்டார். அவ்வாண்டே உருவான ஷ்மால்கால்டன் கூட்டணியில் சுவிஸ் நகரங்கள் இடம்பெறவில்லை. லூத்தரன் சபையாரும் சீர்திருத்தச் சபையாரும் ஒருவர் பந்தியில் மற்றவர் நற்கருணை பெறலாம் என இசைந்தது 1973ஆம் ஆண்டின் லொய்ன்பெர்க் உடன்பாட்டில்தான். ஒன்றுகூடி உண்பதற்கென ஏற்பட்ட விருந்தில் இவ்விருவரும் ஒரே பந்தியில் அமர 444 ஆண்டுகள் கழிந்தன.